வால் வெட்டிய கோப்பு

ஒன்பது நாளாக அந்தக் கோப்பு அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கோப்பு என்றால் அட்டை போட்டு நாடா கட்டிய கோப்பு இல்லை. அதுவாக இருந்தால் நாடாவை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே! இது ஈமெயிலில் வந்த கோப்பு. பெயர் 417. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்தை எந்த இயந்திரமும் சீந்தவில்லை.

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. தலைமையாசிரியரிலிருந்து தண்ணீர்க் கேன் போடுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'அக்கா'தான். உண்மையில் அவள் அக்காவாக இருப்பது ஒரே ஒருத்தனுக்கு. அந்தத் தம்பிக்கு இப்போது ஐம்பது வயது. கல்யாணம் கிடையாது, அவளுக்கும் கிடையாது. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு, இரண்டு பேர், ஒரு ஓயாத சண்டை. இப்படியே காலம் ஓடிவிட்டது.

இருபத்தாறு வயதில் தம்பியின் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதி வெடித்தது. மண்டையைத் திறந்து, ஊதிய இடத்தின் கழுத்தில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டிக் காப்பாற்றினார்கள். அந்தக் கிளிப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இருபத்து நாலு வருஷமாக அவனும் அதை மறந்து, அதுவும் அவனை மறந்து, இரண்டும் நிம்மதியாக இருந்தன.

இந்த வருஷம் அவன் கால்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. முதலில் செருப்பு நழுவியது. பிறகு மாடிப்படி பகையானது. இப்போது சக்கர நாற்காலி. கழுத்தெலும்புக்குள் ஏதோ நரம்பை நசுக்குகிறது, சீக்கிரம் எடுத்துவிட்டால் நடக்கலாம், தள்ளிப்போட்டால் கையை விரித்துவிட வேண்டியதுதான் என்றார் நரம்பு டாக்டர். எடுப்பதற்கு முன்னால் காந்த ஸ்கேன் வேண்டும். இங்கேதான் ஏழரை ஆரம்பித்தது.

"தலையில கிளிப் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது என்ன உலோகம்?" என்று கேட்டாள் ஸ்கேன் அறைப் பெண்.

"அதெல்லாம் யாரும்மா கேட்டு வச்சாங்க? உயிர் பிழைச்சாப் போதும்னு இருந்தோம்."

"கேட்டுத்தான் ஆகணும். இது பெரிய காந்தம். டைட்டானியம்னா ஒண்ணும் ஆகாது. அந்தக் காலத்துல எஃகும் போட்டாங்க. எஃகா இருந்தா கிளிப் உள்ளேயே திரும்பிக்கும். அப்புறம் நான் ஓடி வந்து பிரயோஜனம் இல்ல."

எக்ஸ்ரே எடுத்தால் கிளிப் இருப்பது தெரியும், ஜாதகம் தெரியாது. ஆபரேஷன் அறிக்கை வேண்டும். அதை, செத்துப் பிழைத்தவனுக்கு எதுக்குச் சர்டிபிகேட் என்று தம்பி மகாராஜா என்றைக்கோ குப்பையில் போட்டுவிட்டார். அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடிப் பத்து வருஷம். வெட்டித் தைத்த டாக்டர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். காந்தம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் முதுகில் ஊசி குத்தி மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது. அது இந்த அளவு தெளிவாகவும் தெரியாது. அதோடு, மூளை வெடித்த சமயம் முதுகில் குத்திய குத்தில் தம்பி போட்ட கூச்சல் அக்காவின் காதில் இன்னும் இருக்கிறது. இனி முதுகைத் தொட்டால் ஜன்னல் வழியாகக் குதிப்பேன் என்று அன்றைக்கே அவன் சொல்லி வைத்திருந்தான். குதிக்கக்கூட முடியாத நிலையில் இப்போது இருக்கிறான், அது வேறு விஷயம்.

மூடிய ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளை ஒரு கிடங்கில் வைத்திருந்தார்கள். அக்கா அங்கே நடையாய் நடந்து, மனு கொடுத்து, கெஞ்சி, ஒரு கட்டத்தில் மேஜையைத் தட்டியும் பார்த்தாள். கிடங்குக்காரர் நல்ல மனுஷன். தாள் எல்லாம் மழையில் கூழாகிவிட்டது, கம்ப்யூட்டரில் அடித்தது மட்டும் மிச்சம் என்று தேடி எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: 'எனக்கு இது திறக்கவில்லை. உங்களுக்கும் திறக்காவிட்டால் அங்கே டைப்பிஸ்டாக இருந்த அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.' அடியில் ஒரு போன் நம்பர். அக்கா அன்றைக்கே இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. ஒரு கோப்பைத் திறக்க இத்தனை பேரா, நாமே பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் முதலில் பார்த்தாள். 'எந்தப் புரோகிராமில் திறக்க வேண்டும்?' என்று அது கேட்டது.

"அதைத்தானே உன்கிட்ட கேக்கறேன், கட்டையில போறவனே!" என்று அக்கா திரையைப் பார்த்துச் சத்தம் போட்டதில், கட்டணம் கட்ட வந்த ஒரு அம்மா இரண்டடி பின்வாங்கினாள்.

கம்ப்யூட்டர் டீச்சர் வந்தார். புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று எழுத்தை அழித்து, இந்தக் காலத்து எழுத்தாகப் போட்டார். சட்டையை மாற்றினால் ஆளும் மாறிவிடுவான் என்று நினைப்பு. கோப்பு திறந்தது. நாற்பத்து மூன்று பக்கம், பக்கம் பூராவும் கட்டம். வரிசை வரிசையாகக் காலிக் கட்டம்.

"திறந்துடுச்சு பாருங்க அக்கா!" என்றார் டீச்சர், முகமெல்லாம் பல்லாக.

"திறந்துடுச்சு சரி. இதுல என் தம்பி எங்க இருக்கான்?"

தம்பியின் போனில் பார்த்தார்கள். 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது' என்று ஒரே வரியில் கை விரித்தது. எதிர்வீட்டு மாமாவின் டேப்லெட்டில் திறந்தது, ஆனால் படமாக. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. மாமா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஏதோ எலும்பு மாதிரி தெரிகிறதே என்று சந்தேகப்பட்டார். எந்தக் கோப்பையும் எந்த வடிவத்துக்கும் மாற்றித் தருவோம் என்று மார் தட்டிய ஒரு வலைத்தளத்தில் ஏற்றினாள். பத்து நிமிஷம் சக்கரம் சுற்றி, அது ஒரு சுத்தமான வெள்ளைத் தாளைக் கொடுத்தது. அடியில் பக்க எண் மட்டும் அழகாக விழுந்திருந்தது.

"விடுக்கா," என்றான் தம்பி அன்று சாயங்காலம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் இப்போது அவனுடையது. "திறக்காத கோப்பை வச்சுக்கிட்டு முட்டிக்கிட்டா மண்டைதான் உடையும். என் மண்டையை ஏற்கெனவே உடைச்சாச்சு. உன்னோடதாவது முழுசா இருக்கட்டும்."

"பேசாம மடிடா."

"உன் முகத்தைக் கண்ணாடியில பார்த்தியா? நீதான் நோயாளி மாதிரி இருக்க."

அக்கா பார்த்திருந்தாள். காலையில் அவனைத் தூக்கி உட்காரவைத்து, குளிக்கவைத்து, வேலைக்கு ஓடி, மத்தியானம் வந்து சோறு போட்டு, மறுபடி ஓடி, கிடங்குக்கும் டாக்டருக்கும் அலைந்து, வந்து அவனைத் தூக்கிப் படுக்கவைத்து. ஐம்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளைக்கு எத்தனை முதுகு இருக்கிறது? ஒன்றுதானே. வியாழக்கிழமை பத்தரைக்கு ஸ்கேனுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து. மூன்று வாரம் என்று நினைத்தாலே அவளுக்குக் கீழே உட்கார்ந்துவிடத் தோன்றியது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பென் டிரைவில் கோப்பை ஏற்றிக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரரைச் சுற்றிலும் வயிறு திறந்து கிடந்த மடிக்கணினிகள். திருகாணி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"இது செத்துப்போன புரோகிராம்மா. கம்பெனியே இல்ல. இந்தப் புது மெஷின்ல அதை ஏத்தவும் முடியாது."

"அப்போ?"

"கொல்லைப்புறமா போய்ப் பார்க்கலாம்."

வெறும் எழுத்தை மட்டும் காட்டுகிற ஒரு சின்ன புரோகிராமில் கோப்பைத் திறந்தார். திரை பூராவும் கிறுக்கல். கேள்விக்குறி, வளைவு, கொம்பு முளைத்த எழுத்து. கடைக்காரர் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே போனார். சட்டென்று கிறுக்கலுக்கு நடுவில், சேற்றில் கல் தட்டுப்பட்டது போல, டாக்டர்களின் இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம். அதற்கு மேலே தம்பியின் பெயர். வயது இருபத்தாறு. ஆபரேஷன் தேதி. கீழே பத்திபத்தியாக.

"இருங்க, இருங்க! மேல போங்க. அதான், அதான் அவன் பேரு!"

"சத்தம் போடாதீங்கம்மா, திருகாணியை முழுங்கிடப் போறேன்."

படிக்கிற மாதிரி இருந்ததை எல்லாம் அவர் பொறுமையாக வெட்டியெடுத்து ஒரு புதுத் தாளில் ஒட்டினார். ஒன்றரைப் பக்கம் தேறியது. அதற்குப் பிறகு மறுபடி கிறுக்கல். "கீழ இன்னும் நாலு பக்கம் இருக்கு. அங்கொண்ணும் இங்கொண்ணுமா துண்டு வார்த்தை. எல்லாம் குப்பை," என்று அதை அப்படியே விட்டார். பிரிண்டர் முனகிக்கொண்டே ஒன்றரைப் பக்கத்தைத் துப்பியது.

அக்கா நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தின் பாதியில் இருந்தது: டைட்டானியம் கிளிப் ஒன்று, வளைந்தது, ஒன்பது மில்லிமீட்டர், பொருத்தப்பட்டது.

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அவர் கூச்சப்பட்டுத் திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவை படித்தாள். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும். அரைப் பக்கம் முடிகிற இடத்தில் ஒரு வாக்கியம்: ஆபரேஷன் விவரங்கள் நோயாளியின் கணவரிடம் விளக்கப்பட்டன.

கணவரிடம். தம்பிக்கு ஏது கணவர்?

அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டைப் அடித்தவள் தூக்கக் கலக்கத்தில் அடித்திருப்பாள். பெயர் சரி, வயது சரி, தேதி சரி. ஒரு வார்த்தையில் என்ன வந்துவிடப் போகிறது? இதையும் தோண்டினால் நாளை பத்தரை போய்விடும். பத்தரை போனால் மூன்று வாரம். பஸ் வந்தது. தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். அன்றைக்குப் படுத்தவுடனே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை டாக்ஸியில் போகும்போது தம்பி தாளை வாங்கிப் பார்த்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிட்டே வைத்து, இரண்டு பக்கத்தையும் படித்தான்.

"நல்லா அடிச்சிருக்காங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஸ்கேன் நிலையத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன் அறைப் பெண் தாளை வாங்கிப் பெயர், வயது, தேதி பார்த்தாள். விரலை ஓட்டி டைட்டானியம் என்ற இடத்தில் நிறுத்தினாள். உள்ளே இருந்த டாக்டரிடம் காட்டினாள், அவரும் தலையாட்டினார். தம்பியின் சட்டையைக் கழற்றி, பின்பக்கம் நாடா வைத்த நீல அங்கியை மாட்டினார்கள். கைக்கடிகாரம், கண்ணாடி, இடுப்பு பெல்ட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் அக்காவின் மடிக்கு வந்தன.

"முன்னால ஒருத்தர் இருக்கார். முடிஞ்சதும் இவர்தான்," என்றாள் அந்தப் பெண்.

"போய்ட்டு வரேன்க்கா," என்றான் தம்பி. என்னவோ ஊருக்குப் போகிற மாதிரி.

உட்கார்ந்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. இதுவரை ஓடிக்கொண்டே இருந்தாள், பயப்பட நேரமில்லை. இப்போது கையில் ஒரு தட்டு, எதிரே ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் காந்தம். நோயாளியின் கணவர். தாளை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்த வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏன்டி மடிச்சு வச்சே, ஏன்டி மடிச்சு வச்சே என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கிடங்குக்காரர் கொடுத்த நம்பரைத் தேடிப் போன் அடித்தாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" களைத்துப்போன குரல்.

அக்கா படபடவென்று சொன்னாள். ஆஸ்பத்திரி பெயர், வருஷம், கோப்பு எண், கணவர்.

"ஒரே நாள்ல முப்பது ரிப்போர்ட் அடிப்பேன்ம்மா. எந்தத் தம்பி, எந்த அக்கான்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"நீங்க எப்படி அடிப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் புதுசா அடிப்பீங்களா?"

"புதுசா அடிச்சா விடிஞ்சுடும். அதே ஆபரேஷன் பண்ணின முந்தின ஆளோட ரிப்போர்ட்டைத் திறப்பேன். பேர், வயசு, தேதி மூணையும் முதல்ல மாத்திப் புது நம்பர்ல சேவ் பண்ணிடுவேன். அப்புறம் டாக்டர் சொல்லச் சொல்ல உள்ள இருக்கறதை மாத்திக்கிட்டே வருவேன்." அந்த அம்மா நிறுத்தினாள். குரலில் களைப்பு சட்டென்று விலகியது. "நீங்க அதை எதுல திறந்தீங்க?"

"கம்ப்யூட்டர் கடையில. வெறும் எழுத்தைக் காட்டுற ஏதோ ஒண்ணுல."

"அய்யய்யோ. அதுல பார்க்கக் கூடாதும்மா! அந்தப் புரோகிராம் வேகமா சேவ் ஆகணும்னு, நாம அழிச்சதை நிஜமா அழிக்காது. பழசை அப்படியே உள்ள வச்சுக்கிட்டு, மாத்தினதை மட்டும் கடைசியில வால்ல கோத்துக்கும். அந்தப் புரோகிராம்ல திறந்தாத்தான் எது எங்க போகணும்னு அதுக்குத் தெரியும். வெளியில திறந்தா அழிச்சதுதான் முன்னால வந்து நிக்கும். வால்ல இருந்ததைப் பார்த்தீங்களா?"

"குப்பைன்னு வெட்டிட்டாங்க," என்றாள் அக்கா.

அப்புறம் அவள் ஓடினாள். பத்தடி நடைபாதைதான், ஆனால் ஓடினாள். பிளாஸ்டிக் தட்டு கவிழ்ந்து கடிகாரம் தரையில் உருண்டது. முந்தின ஆள் முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். தம்பியின் நாற்காலியை ஒருத்தர் உள்கதவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியின் சக்கரத்தையே இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

"நிறுத்துங்க! அது அவனோட ரிப்போர்ட் இல்ல! வேற யாரோ பொம்பளையோடது!"

"என்னம்மா சொல்றீங்க? பேர் இருக்கே," என்றாள் ஸ்கேன் அறைப் பெண்.

"பேர் மட்டும்தான் அவனோடது."

சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. தாளை எடுத்து வந்து, அந்த வரியைத் தானே படித்துப் பார்த்து, தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை.

"போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்," என்றான்.

மறுபடி போன் அடித்து விலாசம் வாங்கினாள். டைப்பிஸ்ட் அம்மாவின் வீடு இருபது நிமிஷத் தொலைவில், ஒரு துணி தேய்க்கும் கடைக்கு மேலே இருந்தது. அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அக்காவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மணிக்கட்டில் வலிக்குக் கட்டும் பட்டை. மேஜையில் செங்கல் கனத்தில் ஒரு மடிக்கணினி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன சாவிகள்.

"இது நெட் போடாத மெஷின். இதுலதான் இன்னும் அது உயிரோட இருக்கு. எனக்கு வேற எதுலயும் கை ஓடாது," என்று சொல்லிக்கொண்டே பென் டிரைவைச் செருகினாள்.

நீலத் திரையில் வெள்ளை எழுத்தாக 417 திறந்தது. ஒரு நொடி. ஒன்பது நாள் நாய் படாத பாடு பட்டது ஒரு நொடியில் முடிந்தது. கட்டமில்லை, கிறுக்கலில்லை, ஒரே பக்கம். அக்கா குனிந்து படித்தாள். தம்பியின் பெயர். இருபத்தாறு. ஆண். எஃகு கிளிப் ஒன்று, நேரானது, ஏழு மில்லிமீட்டர். கடைசி வரி: ஆபரேஷன் விவரங்களும் பொருத்தப்பட்ட கிளிப்பின் தன்மையும் நோயாளியின் மூத்த சகோதரியிடம் விளக்கப்பட்டன.

அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால், மூன்று நாள் தூங்காமல் நின்றுகொண்டிருந்த ஒரு முப்பது வயதுப் பெண்ணிடம் எஃகு என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் தலையாட்டியிருப்பாள். தலையாட்டியது கூட ஞாபகம் இல்லை.

"நான் கொஞ்சம் நிதானமா அடிச்சிருக்கணும்," என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. மணிக்கட்டுப் பட்டையை இழுத்து இழுத்து விட்டாள். "டாக்டர் நின்ன இடத்துலயே சொல்லிட்டுப் போயிடுவார். பழசைத் திறந்து மாத்தறதுதான் எங்க எல்லாருக்கும் வழக்கம். யாராவது ஒருநாள் வெளியில திறப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களைச் சொல்லி என்ன," என்றாள் அக்கா. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. யாரைச் சொல்வது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்கேன் நிலையத்தில் தம்பி தன் சட்டைக்கு மாறி, சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பொத்தான் ஒன்று தப்பி மேலும் கீழுமாக இருந்தது. கடிகாரத்தை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"என்ன உலோகம்?"

"எஃகு."

"ம்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போதே சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் இருந்தால் இனி இவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

"நேத்தே பார்த்தேன்டா," என்றாள். "கணவர்னு போட்டிருந்ததைக் கடையிலேர்ந்து வரும்போதே பார்த்தேன். பார்த்துட்டு மடிச்சுப் பையில போட்டுட்டேன். இன்னிக்குக் காலையிலயும் வாயைத் திறக்கல. அலுத்துப் போச்சுடா. எப்படியாவது இது முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. உன்னைக் கொல்லப் பார்த்தேன்."

தம்பி கடிகாரத்தின் விரிசலைக் கட்டைவிரலால் தடவினான்.

"நானும் பார்த்தேன்," என்றான்.

"என்னத்தை?"

"கணவர். டாக்ஸியில படிச்சேன்ல."

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவன் பக்கம் திரும்பினாள். போய்ட்டு வரேன்க்கா என்று சொன்னானே, பாவி! எல்லாம் தெரிந்துகொண்டு, அங்கியை மாட்டிக்கொண்டு, சமர்த்தாகப் போய் உட்கார்ந்தானே!

"ஏன்டா சொல்லல?"

"நீ தினம் என்னைத் தூக்கறப்ப முனகுவ. உனக்குத் தெரியாது, நீ முனகறது. எனக்குக் கேக்கும்." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "டைட்டானியமா இருந்தா நடப்பேன். இல்லேன்னா உனக்காவது ஓய்வுன்னு நினைச்சேன்."

அக்கா அவனை அடித்தாள். தோளில், முதுகில், கையில் என்று கிடைத்த இடத்தில் பளார் பளார் என்று அடித்தாள். காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஸ்கேன் அறைப் பெண் ஓடி வந்தாள். அவன் தடுக்கவே இல்லை. அடித்து ஓய்ந்து, அவன் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, பாவி," என்றாள் கடைசியில்.

"நீ சொன்னியா?"

அவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பதிவு மேஜைக்குப் போய், முதுகில் ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேனுக்கு எப்போது வரலாம் என்று கேட்டாள். தம்பி ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். திங்கட்கிழமை என்றார்கள். பொடி எழுத்தில் அச்சடித்த நாலு பக்கச் சம்மதத் தாளை நீட்டி, அடியில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள்.

அக்கா அதை வாங்கித் தம்பியின் மடியில் வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் மாட்டினாள்.

"படி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சத்தமா. எனக்குக் கேக்கற மாதிரி."

அவன் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். பின்னால் நின்ற வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள், யாரோ மணி பார்த்தார்கள். அக்கா நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி, அவன் நாலாம் பக்கம் முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்று கேட்டாள்.